குளிர்மலையில் கொதித்த மோட்டார் சைக்கிள்

கேமரன் மலைக்குப் போய் வந்தவர்கள் அதன் குளிரைப் பற்றித்தான் பேசுவார்கள். இங்கேயே குடியிருக்கும் நான் ஒரு சூட்டைப் பற்றிச் சொல்லப் போகிறேன்.

1885-இல் இம்மலைப் பகுதியை ஆராய்ந்த நில அளவையாளர் வில்லியம் கேமரனின் பெயர்தான் மலைக்கு வந்தது. 1929-இல் போ தேயிலைத் தோட்டம் தோன்றியது. காடு திருத்தித் தேயிலை நட்டவர்களில் நம்மவர்களும் உண்டு. தாப்பாவிலிருந்து தானா ராத்தா ஏறக்குறைய 60 கிலோமீட்டர். வழி நெடுக வளைவும் ஏற்றமும்தான்.

சென்ற பள்ளி விடுமுறையில், விடுதியில் தங்கிப் படிக்கும் மகளை அழைத்துவர என் பழைய கப்சாயில் தாப்பாவுக்குப் போனேன். திரும்பும்போது பின்னால் மகள், முன்னால் அவள் துணிப்பை. லாத்தா இஸ்கண்டார் அருவியைத் தாண்டியதும் ஒரு லாரி எங்களுக்கு முன்னால் ஊர்ந்தது. நான் மூன்றாம் கியரிலேயே முக்கி முக்கி ஏற்றினேன். ரிங்லட் வருவதற்குள் கருகிய வாடை அடித்தது, இழுவை குறைந்தது, வண்டி நின்றே விட்டது.

மகள் ஓடிப்போய் ஓடையில் தண்ணீர் பிடித்து வந்தாள். எஞ்சினில் ஊற்றப் போன நேரத்தில், அவ்வழியே வந்த ஒருவர், "ஊத்தாதே பிள்ளே!" என்று கத்தினார். தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரம் பார்க்கும் அண்ணன் அவர்.

"கொதிக்கிற எஞ்சின்ல பச்சைத் தண்ணி பட்டா விரிசல் விட்டுடும். நிழல்ல நிறுத்துங்க வாத்தியாரே, தானா ஆறட்டும்."

"இவ்வளவு குளிரில் எப்படி அண்ணே சூடேறும்?" என்றேன்.

"பறிச்ச கொழுந்தைச் சாக்குல அமுக்கி வச்சா என்ன ஆகும்? சூடேறிச் சிவந்துபோகும். அதுக்குத்தானே பரப்பிப் போட்டுக் காத்து விடறோம். உங்க வண்டிக்கும் காத்துதான் மருந்து."

எனக்கு விளங்கியது. இவ்வகை வண்டிகளில் எஞ்சினைச் சுற்றியுள்ள தகடுகளின்மேல் காற்று பட்டுத்தான் சூடு தணிகிறது. லாரிக்குப் பின்னால் ஊர்ந்தால் காற்று ஏது? போதாததற்கு அத்தகடுகளுக்கு இடையே தோட்டத்துச் செம்மண் அப்பியிருந்தது. அண்ணன் ஒரு குச்சியால் சுரண்டி எடுத்தார். பிறகு எண்ணெய்க் கம்பியை உருவிக் காட்டினார். அதன் நுனிகூட நனையவில்லை! எண்ணெய் உராய்வைக் குறைப்பதோடு சூட்டையும் சுமந்து செல்கிறது. அதைப் பார்க்காதது என் குற்றமே.

அவரிடம் கற்றதைச் சொல்கிறேன். வாரம் ஒருமுறை வண்டியை நடுத்தாங்கியில் நேராக நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் கழித்து எண்ணெயைப் பாருங்கள். கம்பியைத் துடைத்து, திருகாமல் செருகி எடுத்தால் இரு கோடுகளுக்கு இடையே எண்ணெய் தெரியவேண்டும். பின்சக்கரத்தைக் கையால் சுழற்றுங்கள். தடையின்றிச் சுழலாவிட்டால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கலாம், சங்கிலி இறுகியிருக்கலாம். பிளக்கின் நுனி காப்பி நிறமாக இருந்தால் நலம். வெளுத்திருந்தால் சூடு மிகுதி, பட்டறைக்குப் போங்கள். உயரே போகப் போகக் காற்று மெலிந்து எஞ்சினின் வலுவும் குறையும். ஆகவே வண்டி திணறுமுன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். இறங்கும்போதும் சின்னக் கியரே நல்லது, பிரேக் சூடேறாது.

மோட்டார் சைக்கிள் நமக்கு ஆடம்பரமல்ல. நடுராத்திரியில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் தானா ராத்தா மருத்துவமனைக்கு ஓடுவது இதே வண்டிதான். எஞ்சின் இறுகிப் போனால் செலவு மட்டுமா? அந்த ராத்திரி என்ன செய்வோம்?

அன்று அண்ணன் தம்மிடமிருந்த அரைப் புட்டி எண்ணெயை ஊற்றிக் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். வீடு சேர இருட்டிவிட்டது.

விடுமுறை முடியும்வரை சனிக்கிழமைதோறும் என் மகளே கம்பியை உருவிப் பார்த்தாள். "கோடு வரைக்கும் இருக்குப்பா" என்று அவள் சொன்ன பிறகே நான் சாவியைத் தொட்டேன்.