துப்பாக்கி சொன்ன ஊர்

பெல்ஜியம் தேசத்தில், மியூஸ் நதிக்கரையிலுள்ள லியேஜ் நகரத்தில் சென்ற கோடையில் நாலு நாள் தங்கியிருந்தோம். வீட்டுக்காரர் நம்மைப் போலவே உபாத்தியாயர். ஓய்வு பெற்ற கிழவர். அவர் வீட்டுச் சுவரில் பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று தொங்கிற்று.

"கொள்ளுத் தாத்தா வாங்கியது. அசல் இங்கிலீஷ் சரக்கு!" என்றார் பெருமையோடு. இரு குழல்களுக்கும் நடுவே 'லண்டன்' என்று பொறித்திருந்தது உண்மைதான்.

மறுநாள் கிராண்ட் கர்ட்டியஸ் என்னும் பொருட்காட்சிசாலைக்குப் போனோம். அங்கே பழைய ஆயுதங்களை வரிசை வரிசையாக வைத்திருக்கிறார்கள். விஷயம் தெரிந்த ஒருவரிடம் கிழவரின் துப்பாக்கியைப் பற்றிப் பிரஸ்தாபித்தோம். அவர் சிரித்தார்.

"மேலே இருக்கும் எழுத்தை நம்பாதீர்கள். அக்காலத்தில் இங்கிலீஷ் பெயருக்கு மதிப்பு அதிகம். ஆகவே இவ்வூர்ச் சரக்கிலேயே அதைப் பொறித்து விற்றவர்கள் உண்டு. குழலைக் கழற்றி அடிப்புறத்தைப் பாருங்கள்" என்றார்.

லியேஜில் துப்பாக்கிக் குழல்களைப் பரீட்சை செய்யும் சாலை ஒன்று இருக்கிறது. வழக்கத்துக்கு மேல் மருந்து கெட்டித்துச் சுட்டுப் பார்ப்பார்கள். வெடித்துப் பிளக்காத குழலுக்கே முத்திரை கிடைக்கும். நீள்வட்டத்துக்குள் ஈ, எல், ஜி என்ற மூன்றெழுத்து. அதன் கீழே ஒரு நட்சத்திரம். 1893-ஆம் வருஷம் முதல் மேலே கிரீடமும் சேர்ந்தது.

அன்றிரவு குழலைக் கழற்றி, விளக்கடியில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தோம். நீள்வட்டம் இருந்தது, கிரீடம் இல்லை. ஆகவே 1893-க்கு முந்தியது. பக்கத்தில் சின்னஞ்சிறு தூண் ஒன்றும் பொறித்திருந்தது.

கிழவர் முகம் வாடியது. "இத்தனை காலம் ஏமாந்திருக்கிறோமே!" என்றார்.

"இது என்ன தூண்?" என்று கேட்டோம்.

அவர் பதில் சொல்லாமல், காலையில் நம்மைக் கடைவீதிச் சதுக்கத்துக்கு அழைத்துப் போனார். அங்கே அதே தூண் நின்றது! அதன் பெயர் பெரோன். நகரத்தின் சுதந்திரச் சின்னம். 1467-இல் பர்கண்டிப் பிரபு சார்லஸ் இவ்வூரை ஜயித்தபோது, ஜனங்களை அவமானப்படுத்த அதைப் பெயர்த்துப் புரூஜ் நகரத்துக்குக் கொண்டு போனான். அவன் இறந்த பிறகு, 1478-இல் அது திரும்பி வந்தது. கதையைச் சொல்லச் சொல்லக் கிழவரின் குரலில் பழைய கம்பீரம் வந்துவிட்டது.

நாம் விடைபெற்ற அன்று சுவரைப் பார்த்தோம். துப்பாக்கிக் குழல் மட்டும் தனியே தொங்கிற்று. 'லண்டன்' சுவரைப் பார்த்திருக்க, தூண் முத்திரை நம்மைப் பார்த்தது.