முயலும் முக்கோணமும்

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிறவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நான் சொல்ல வந்தது கால் கணக்கு அல்ல, தலைக் கணக்கு. முயல் விஷயத்தில் சங்கடமெல்லாம் அதில்தான் இருக்கிறது.

இத்தாலியில் லியனார்டோ என்று ஒரு கணித மேதை இருந்தார். ஃபிபொனாச்சி என்று சொன்னால் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரியும். 1202-இல் அவர் எழுதிய புத்தகத்தில் ஒரு புதிர் வருகிறது. ஒரு ஜோடி முயல் மாதம் ஒரு ஜோடி குட்டி போடுகிறது, அந்தக் குட்டிகளும் இரண்டாம் மாதத்திலிருந்து அப்படியே போடுகின்றன, ஒன்றும் சாகவில்லை. வருஷ முடிவில் எத்தனை ஜோடி? 377 என்பது விடை. கணக்குக்காகக் கட்டிய கதைதான். ஆனாலும் நிஜ முயல் சில விஷயங்களில் அந்தக் கணக்கரைவிடத் தாராளமானது. 31 நாள் சுமந்தால் ஐந்து, ஆறு, எட்டுக் குட்டிகள் வந்துவிடும். ஈன்ற அன்றே மறுபடியும் சினை பிடிக்கும். பருவம் வரட்டும் என்று காத்திருக்கிற வழக்கம் அதற்குக் கிடையாது. ஆண் சேர்ந்த பிறகே கருமுட்டை வெளிப்படும்.

இந்த ஞானமெல்லாம் எனக்கு ஏற்காட்டில் கிட்டியது. எங்களோடு தங்கி அங்கே ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பேத்திக்கு, ஏரிக்கரையில் ஒரு வியாபாரி இரண்டு வெள்ளைக் குட்டிகளை விற்றான். "ரெண்டும் பொட்டைங்க சார், சண்டையே போடாது" என்று சத்தியம் செய்தான். பஞ்சு, மல்லி என்று அவள் பெயர் வைத்தாள். சண்டை போடவில்லை என்பது வாஸ்தவம். நான்கு மாதம் கழித்து மல்லி தன் மார்பு ரோமத்தைப் பிடுங்கி மூலையில் மெத்தை போட ஆரம்பித்தது. மறுநாள் மெத்தைக்குள் ஆறு உயிர்கள். ரோமமில்லை, கண் திறக்கவில்லை. அதற்குச் சரியாக 31-ஆம் நாள் இன்னும் ஐந்து.

அறுபதுகளின் கடைசியில் சுவருக்குச் சுவர் வரைந்த சிவப்பு முக்கோணத்தை வாசகர்களில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதை எங்கள் முயல் கூண்டின்மேல் வரைந்து வைக்கலாமா என்று என் மனைவி கேட்டாள்.

யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. பக்கத்து எஸ்டேட் நண்பர், "காபித் தோட்டத்தில் விட்டுவிடுங்கள். சேர்வராயன் மலையில் முயலுக்கு இடமா இல்லை?" என்றார். இங்கே நம் மொழி கொஞ்சம் ஏமாற்றுகிறது. இரண்டு வெவ்வேறு பிராணிகளை நாம் ஒரே பெயரால் அழைக்கிறோம். வள்ளுவர் யானையோடு சேர்த்துப் பேசிய நம் காட்டு முயல் வளை தோண்டாது. அதன் குட்டி ரோமத்தோடும் திறந்த கண்ணோடும் வெட்ட வெளியில் பிறக்கும். நாம் கூண்டில் வளர்ப்பதோ ஸ்பெயின் தேசத்துப் பக்கம் மண்ணுக்குள் வளை தோண்டி வாழ்ந்த ஜாதியின் சந்ததி. இரண்டும் கலந்து குட்டி போடாது. வெள்ளை வெளேரென்ற முயலைக் காபிச் செடிகளுக்கு நடுவில் விட்டால், முதல் ராத்திரியே நாய்க்கோ நரிக்கோ விருந்து. தப்பித் தவறிப் பிழைத்துவிட்டாலும் ஆபத்துதான். 1859-இல் தாமஸ் ஆஸ்டின் என்ற பண்ணைக்காரர் வேட்டையாடி மகிழ்வதற்காக ஆஸ்திரேலியாவில் இரண்டு டஜன் முயல்களை அவிழ்த்துவிட்டார். அவற்றின் வம்சத்தைத் தடுக்க 1907-க்குள் 3,000 கிலோமீட்டருக்கு மேல் வேலி போட வேண்டியதாயிற்று. முயல்கள் அந்த வேலியையும் மதிக்கவில்லை.

கடைசியில் ஆபரேஷன்தான் வழி என்று முடிவாயிற்று. ஆனால் செய்கிறவர் யார்? தெருநாய்க்குக் கருத்தடை நமக்குப் புதிதல்ல. சென்னையில் புளூ கிராஸ் சங்கம் 1964-லேயே அதைத் தொடங்கியது; 1996-இல் மாநகராட்சியும் ஒப்புக்கொண்டது. முயல் கதை வேறு. நம் பக்கத்தில் முயலைப் பெருக்குவதற்குத்தான் படிப்பும் பழக்கமும் அதிகம். கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூர் அரசாங்க ஆராய்ச்சிப் பண்ணையில் இறைச்சிக்கென்றும் ரோமத்துக்கென்றும் முயல் வளர்த்தார்கள். பெருகுவதை நிறுத்தச் சொல்லி யார் கேட்டார்கள்? இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி விசாரித்து விசாரித்து, கைப்பழக்கம் உள்ள ஒரு டாக்டரைக் கண்டுபிடித்தோம்.

அவர் ஒளிக்காமல் பேசினார். "குட்டி நிற்க வேண்டுமென்றால் ஆணுக்குச் செய்தால் போதும். சின்ன வேலை. பெண்ணுக்குச் செய்வது வேறு காரணத்துக்காக. கருப்பையை எடுக்காத பெண் முயல்களுக்கு நாலு வயதுக்கு மேல் அங்கே புற்றுநோய் வருவது சர்வ சாதாரணம். சில ஜாதிகளில் பாதிக்கு மேல் வருகிறது."

"ஆபரேஷனில் ஆபத்து இல்லையா?" என்றேன்.

"உண்டு. இங்கிலாந்தில் 2008-இல் வெளியான கணக்கு ஒன்று இருக்கிறது. மயக்க மருந்தோடு சேர்ந்த மரணம் நாய்க்கு நூற்றுக்கு 0.17. முயலுக்கு 1.39."

பஞ்சுவுக்கு என் மனைவி தடை சொல்லவில்லை. மல்லி விஷயத்தில்தான் பிடிவாதமாக நின்றாள். "நாலு வருஷம் கழித்து வரலாம், வராமலும் போகலாம். அதற்கு இன்றைக்கே கத்தியா? வாயில்லா ஜீவனின் வயிற்றைக் கிழிக்க நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது?"

தோட்டத்து வேலைக்கு வரும் கிழவி இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஏம்மா, காளைக்குக் காயடிச்சு ஏர்ல பூட்டறோமே, அது யாரைக் கேட்டு?" என்றாள். நியாயந்தான். ஆனால் காயடிப்பது நம் சௌகரியத்துக்கு. மல்லிக்குச் செய்வது மல்லிக்காக. அதனாலேயே முடிவு செய்வது கஷ்டமாயிருந்தது.

முடிவைச் சொன்னவள் பேத்தி. "மல்லிக்கு நாலு வயசு ஆகும்போது நான் ஒன்பதாவது படிப்பேன், தாத்தா. அப்பவும் எனக்கு மல்லி வேணும்." நன்றாகக் கவனித்துக்கொண்டால் முயல் எட்டு, பத்து வருஷம் இருக்கும் என்று டாக்டர் சொன்னதை அவள் மட்டுமே மனத்தில் வாங்கியிருந்தாள்.

நாய்க்கும் நமக்கும் ஆபரேஷனுக்கு முன் பட்டினி போடுவார்கள். முயலுக்குப் போடக் கூடாது. அதற்கு வாந்தி வராது. வயிறு காலியானால்தான் ஆபத்து. அதன் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய யந்திரம். நின்றால் வாயு கட்டி, அரை நாளில் உயிருக்கே வந்துவிடும். ஆகவே தையலைவிடப் பெரிய கவலை சாப்பாடு. வலித்தாலும் முயல் கத்தாது. மூலையில் குறுகி உட்கார்ந்து பல்லை நறநறவென்று கடிக்கும். வலி மருந்தை வேளை தவறாமல் கொடுக்க வேண்டும். பெனிசிலின் ஜாதி மருந்தை வாய் வழியாகக் கொடுக்கவே கூடாது. நல்ல கிருமிகளைக் கொன்று குடலையே கெடுத்துவிடும். நாய்க்குப் போடுவது போல் கழுத்தில் புனல் மாட்டினால், இராத்திரி தான் போடும் மென்மையான புழுக்கையைத் தானே தின்ன முடியாமல் போகும். அந்தப் புழுக்கை அதற்கு இரண்டாம் சாப்பாடு. தையலில் தூசி ஒட்டாதபடி மரத்தூளை எடுத்துவிட்டுப் பழைய பத்திரிகைத்தாளும் துண்டும் விரிக்க வேண்டும். பத்து நாள் குதிக்க விடக் கூடாது.

அன்றிரவு ஏற்காட்டில் பனி கொட்டியது. வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி மல்லியின் பக்கத்தில் வைத்தோம். புல்லைத் தொடவில்லை. அதற்கு உயிரான கல்யாண முருங்கைத் தழையை மூக்கருகில் காட்டினோம், முகத்தைத் திருப்பிக்கொண்டது. டாக்டர் சொல்லியிருந்தபடி ஊசியில்லாத சிரிஞ்சில் கூழை எடுத்து, பல்லின் ஓரமாகச் சொட்டுச் சொட்டாகப் புகட்டினாள் என் மனைவி. 'அதிகாரம்' என்ற வார்த்தையை அவள் எடுக்கவில்லை. "குடிடி கண்ணு" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். மணி பன்னிரண்டு, இரண்டு, மூன்று. டாக்டர் சொன்ன 1.39 என்ற எண் என்னை விடவில்லை. நூற்றில் ஒன்று என்பது புத்தகத்தில்தான் சின்ன எண். நம் வீட்டில் அது ஒன்றுதான்.

நாலரை மணிக்குப் பேத்தி கூவினாள்: "பாட்டி, புழுக்கை!" மிளகளவில் மூன்று. முயல் புழுக்கையைக் கண்டு கைகூப்பிய குடும்பம் வேறு எங்கேனும் உண்டா என்று தெரியாது. விடியும் முன்பே மல்லி தழையைக் கடிக்கும் சத்தம் கேட்டது.

பஞ்சுவின் காயம் ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. ஆனால் அவனை ஆறு வாரம் தனியே வைக்க வேண்டியிருந்தது. விதை போன பிறகும் சில வாரம் ஆண் முயலிடம் வித்து மிச்சமிருக்கும். குட்டிகளில் இரண்டு பிழைக்கவில்லை. மீதி ஒன்பதையும் மூன்று மாதம் ஆகும் முன்பே ஆண், பெண் பிரித்து, தெரிந்த வீடுகளுக்குக் கொடுத்தோம். டாக்டரின் விலாசத்தையும் சேர்த்தே கொடுத்தோம்.

அதிகாரம் யார் கொடுத்தது என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் இவ்வளவுதான். காட்டில் முயலின் கணக்கை நரியும் பருந்தும் பசியும் பார்த்துக்கொள்கின்றன. கூண்டைப் பூட்டி அவற்றை வெளியே நிறுத்தியவர்கள் நாம். பூட்டிய அன்றே அந்தக் கணக்கும் நம் கைக்கு வந்துவிட்டது. நரி பல்லால் செய்வதை, மயக்க மருந்தோடும் வலி மருந்தோடும், விடிய விடியக் கண் விழித்தும் செய்ய முடிவதுதான் நமக்கும் நரிக்கும் உள்ள வித்தியாசம்.