கண்ணாடி அலமாரியில் பிரெஞ்சு சுரூபங்கள்

அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகிறது. பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் ஒரு வேலை மட்டும் இன்னும் என்னை விடவில்லை. பழைய பத்திரம், பென்ஷன் கடிதம், கல்யாணச் சான்று என்று எதையாவது படிக்கச் சொல்லி யாராவது வருவார்கள். சில சமயம் துணியில் சுற்றிய ஒரு பீங்கான் சுரூபமும் வரும். அதைக் கவிழ்த்துக் காட்டி, "அடியில என்ன எழுதியிருக்கு, பாருங்க" என்பார்கள்.

புதுச்சேரியில் இது அதிசயமில்லை. பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து பென்ஷனோடு திரும்பிய சொல்தாக்கள் வீட்டில் ஒரு கண்ணாடி அலமாரி இருக்கும். அதில் மாதாவோ சூசையப்பரோ நிற்பார்கள்.

பிரான்சில் லிமோஜ் நகருக்குத் தெற்கே சேன் திரியே என்ற ஊரில் 1768 வாக்கில் கயோலின் என்ற வெள்ளைக் களிமண் கிடைத்தது. உயர்ந்த பீங்கானுக்கு அந்த மண்தான் ஆதாரம். அதற்கும் முன்பே செவ்ர் அரசுப் பட்டறையில் மெருகு பூசாத வெள்ளைப் பொம்மைகள் செய்தார்கள். பார்த்தால் சலவைக்கல் போல இருக்கும். அதற்கு 'பிஸ்க்வி' என்று பெயர். இருமுறை சுட்டது என்பது சொல்லின் பொருள். நாம் டீயில் தொட்டுத் தின்னும் பிஸ்கட்டும் அதே சொல்தான். 19ஆம் நூற்றாண்டில் அச்சு வைத்து வார்த்துச் செய்ததால், சாதாரணக் குடும்பங்களுக்கும் புனிதர்கள் பீங்கானில் வந்து சேர்ந்தார்கள்.

சில வருஷத்துக்கு முன் பக்கத்துத் தெருவில் ஒரு குடும்பத்தில் பாகப்பிரிவினை நடந்தது. அண்ணன், தம்பி, ஒரு தங்கை. வீடு, நகை எல்லாம் சண்டையில்லாமல் பிரிந்தது. ஒரு முழ உயர வெள்ளைச் சுரூபத்தில் வந்து நின்றது வழக்கு. பழம்பொருள் வியாபாரி ஒருவர் அடிக்குறியைப் பார்த்து, "செவ்ர் அரண்மனைச் சரக்கு, இருநூறு வருஷப் பழசு, லட்சக்கணக்கில் போகும்" என்று சொல்லிவிட்டாராம். அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். கடைசியில் மூன்று பேருமாக அதை என்னிடம் கொண்டுவந்தார்கள்.

அடியில் எதிரெதிராகப் பின்னிய இரண்டு 'எல்' எழுத்து இருந்தது. செவ்ர் பட்டறையின் பழைய குறி அதுதான். ஆனால் அதைப்போல் கள்ளக்குறி போடப்பட்ட குறி வேறில்லை. நான் குறியை விட்டுவிட்டு முகத்தைப் பார்த்தேன். இளம் கன்னியாஸ்திரி, கையில் பாடுபட்ட சுரூபம், அதைச் சுற்றி ரோஜாப்பூ.

"இது யாரும்மா?" என்று தங்கையைக் கேட்டேன்.

"குழந்தை தெரேசாள், அண்ணே."

லிசியே நகர மடத்தில் தெரேசாள் இறந்தது 1897இல், இருபத்து நான்கு வயதில். புனிதர் பட்டம் 1925இல். பிறகு இருநூறு வருஷம் எப்படி வரும்? அதைச் சொன்னதும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. "அப்ப எவ்வளவுதான் போகும்?" என்று தம்பி கேட்டார். "விலை எனக்குத் தெரியாது, வயசுதான் தெரியும்" என்றேன்.

அடுத்த வாரம் சுரூபம் தங்கை வீட்டு அலமாரியில் இருந்தது. லட்சம் இல்லை என்றதும் இருவருக்கும் அது வேண்டாமாகிவிட்டது. "நாப்பது வருஷமா நான்தானே கழுவி வச்சேன், அண்ணே" என்றது அந்தப் பெண். அண்ணனும் தம்பியும் இப்போது பேசிக்கொள்கிறார்கள். தெரேசாளைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருக்கலாம். லூர்து மாதா என்றால் காட்சி நடந்த 1858க்குப் பிறகு செய்தது. ஒளிவட்டத்தோடு பெர்னதெத் இருந்தால் பெரும்பாலும் 1933க்குப் பிறகு. அந்த வருஷம்தான் புனிதர் பட்டம். அடியில் 'பிரான்ஸ்' என்று அச்சிட்டிருந்தால் அநேகமாக 1891க்குப் பிறகு. வெளிநாட்டுச் சரக்கில் செய்த நாட்டின் பெயர் வேண்டும் என்று அமெரிக்கா போட்ட சட்டம் நடைமுறைக்கு வந்தது அப்போதுதான்.

கழுவும் முன் அது பீங்கான்தானா என்று பாருங்கள். பாரிசின் சேன் சுல்பீஸ் வட்டாரக் கடைகளில் விற்ற சுரூபங்களில் பல வெறும் சுண்ணச்சாந்து; தண்ணீர் பட்டால் கெட்டுவிடும். பீங்கானுக்கு இளஞ்சூட்டுத் தண்ணீரும் மெல்லிய சோப்பும் போதும். புளி, சாம்பல் வேண்டாம். தங்கப்பூச்சு மெருகின் மேல் குறைந்த சூட்டில் ஒட்டியது, தேய்த்தால் போய்விடும்.

பீங்கான் சுரூபம் உள்ளே கூடுதான், அடியில் துளை இருக்கும். யார், எந்த வருஷம், எங்கிருந்து கொண்டுவந்தார் என்று ஒரு சீட்டில் எழுதிச் சுருட்டி அதற்குள் வையுங்கள். எழுதத் தெரிந்த பெரியவர் வீட்டில் இருக்கும்போதே அதைச் செய்துவிடுங்கள்.