சீனக்குடாவில் சுழலும் உருளைகள்

திருகோணமலைக்கு யாத்திரை செல்வோர் கோணேசப் பெருமானை வழிபட்டு, கன்னியா வெந்நீரூற்றில் நீராடி, கடற்கரையில் சிறிது உலாவித் திரும்புதல் வழக்கம். புகையிரதத்தில் வருவோர் நகரை அடையுமுன்னரே சீனக்குடா என்னும் நிலையத்தைக் கடக்கின்றனர். அப்பகுதியில், உட்துறைமுகத்தின் கரையில் ஓங்கி நிற்கும் கோதுமை மா ஆலையைப் பலரும் கண்டிருப்பர். அதனுள்ளே நிகழும் தொழிலை எண்ணிப் பார்த்தவர் சிலரே. நம் வீட்டுக் காலையுணவோடு நெருங்கிய தொடர்புடைய தொழிலாதலின், அதனைச் சிறிது அறிந்துகொள்வோம்.

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பெருமை தந்தது அதன் ஆழம். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் ஆகிய யாவரும் அதன்மீது கண்வைத்தனர். ஆங்கிலேயர் தம் கடற்படையின் தேவைக்கெனச் சீனக்குடாவை அடுத்த காட்டினுள் ஏறக்குறைய நூறு எண்ணெய்த் தாங்கிகளை அமைத்தனர். 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் தாக்கியபோது அவற்றுள் ஒன்று எரிந்தழிந்தது. போர்க்கப்பல்களை ஈர்த்த அதே ஆழம் பின்னர் உணவுக் கப்பல்களையும் வரவழைத்தது. சிங்கப்பூரைச் சேர்ந்த பிரிமா நிறுவனம் 1977இல் நம் அரசுடன் ஒப்பந்தஞ் செய்து, 1980இல் இங்கு ஆலையை இயக்கத் தொடங்கிற்று. இலங்கையிற் கோதுமை பயிராவதில்லை. கப்பலில் வரும் மணியே இங்கு மாவாகிறது. 1983 முதல் 2009 வரை நாட்டை வாட்டிய போரின் ஆண்டுகளையும் கடந்து இவ்வாலை இக்கரையில் நிற்கிறது.

கோதுமையை மாவாக்குதல் நம் அன்னையர் திரிகையில் அரைத்தது போன்ற எளிய காரியமன்று. முதலில் கல், மண், உமி ஆகியன நீக்கப்படும். இரும்புத் துண்டுகளைக் காந்தம் பற்றிக்கொள்ளும். பின்னர் மணிக்கு அளவாக நீரூட்டிப் பல மணி நேரம் ஊறவைப்பர். அதனால் தவிடு இறுகும். உள்ளிருக்கும் பருப்பு நெகிழும். அதன்பின் வரியிட்ட இரும்பு உருளைகள் இரண்டு, ஒன்று விரைந்தும் மற்றொன்று மெதுவாகவும் எதிரெதிரே சுழன்று, மணியை உடைத்துத் தவிட்டினின்றும் சுரண்டி எடுக்கும். உடைந்ததை அரிதட்டுகளில் அரித்து, வழுவழுப்பான உருளைகளில் மீண்டும் மீண்டும் அரைப்பர். நூறு கிலோ கோதுமையிலிருந்து ஏறக்குறைய எழுபத்தைந்து கிலோ வெள்ளை மா கிடைக்கும். எஞ்சிய தவிடு பெரும்பாலும் கால்நடைத் தீவனமாகும்.

இத்தகைய ஆலைகளில் யந்திரங்களைப் பேணும் பொறியியலாளரின் பணி இங்கேதான் தொடங்குகிறது. உருளைகளின் இடைவெளி ஒரு மயிரிழை பிசகினும் மாவின் தன்மை மாறிவிடும். வரிகள் தேய்ந்தால் தவிடு நொறுங்கி மாவிற் கலக்கும். அரிதட்டின் துணி கிழிந்தால் கரடுமுரடான துகள் ஊடுருவும். இவற்றையெல்லாம் பழுது வெளிப்படுமுன்னரே அவர் கண்டறிதல் வேண்டும். ஓசையின் மாறுதலும், அதிர்வின் மிகுதியும், தண்டைத் தாங்கும் பேரிங்கின் வெப்பமும் அவர்க்கு நோயாளியின் நாடி போன்றவை. எந்த உறுப்பை எப்பொழுது மாற்றுவது, எந்த உதிரிப்பாகத்தைக் கையிருப்பில் வைப்பது, ஆலையை எந்நாளில் நிறுத்திப் பழுதுபார்ப்பது என்பனவும் அவர் முன்கூட்டித் திட்டமிட வேண்டியவை. கடலோரத்து உப்புக் காற்றோ இரும்பை ஓயாது அரித்துக்கொண்டிருக்கும்.

இப்பணியிற் சோர்வு நேரின் வரும் கேடு சிறிதன்று. காற்றிற் செறிந்து மிதக்கும் மாத்தூள் ஒரு தீப்பொறி பட்டால் வெடிமருந்து போல வெடிக்கும். அமெரிக்காவின் மினியாப்பொலிஸ் நகரில் 1878ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் வாஷ்பர்ன் மா ஆலை அவ்வாறே வெடித்துப் பதினெட்டு உயிர்கள் மாண்டன. மசகின்றிக் காய்ந்து சூடேறிய ஒரு பேரிங்கும் அத்தகைய தீக்குக் காரணமாகலாம். ஆகவே கிறீஸ் இடுவதும் தூசு துடைப்பதும் அற்பமான வேலைகளல்ல. உள்ளே உழைப்போரின் உயிரைக் காக்கும் வேலைகள் அவை.

கல்லூரியில் நம்மிடம் பயிலும் மாணவரை எதிர்காலம் பற்றி வினவினால், மருத்துவர், கணக்காளர், கட்டடப் பொறியியலாளர் என்ற விடைகளே பெரும்பாலும் வருகின்றன. யந்திரங்களைப் பேணும் தொழிலைச் சொல்வார் அரியர். கையில் எண்ணெய் படியும் தொழில் மதிப்புக் குறைந்தது என்ற எண்ணம் பெற்றோரிடமும் உண்டு. புதிய பாலத்தைக் கட்டியவர் பெயர் கல்லிற் பொறிக்கப்படும். யந்திரம் நிற்காமற் காத்தவருக்கோ கல்லுமில்லை, விழாவுமில்லை. ஆயினும் இதே துறைமுகத்தை அடுத்துள்ள டோக்கியோ சீமெந்து ஆலையிலும், நாட்டின் பிற ஆலைகளிலும் இத்தகையோர் இன்றித் தொழில் ஒருநாளேனும் நடவாது. கற்ற பௌதிகத்தைச் செவியாலும் விரலாலும் நாள்தோறும் பரீட்சித்துப் பார்க்கும் கல்வி இது. ஊரிலேயே ஆலைகள் இருக்க, அவற்றை ஆளும் அறிவுக்குப் பிறரை எதிர்பார்த்திருத்தல் நம் பிள்ளைகளுக்கு அழகாகாது.

அடுத்த முறை குடும்பத்துடன் திருகோணமலை செல்வோர் சீனக்குடாவில் அவ்வாலையைத் தம் பிள்ளைகளுக்குச் சுட்டிக்காட்டுவாராக. பாண் எங்கிருந்து வருகிறது என்று அவர்கள் கேட்பின், வெதுப்பகத்தோடு விடையை நிறுத்திவிடாமல், உருளைகளின் ஓசைக்குச் செவிகொடுத்து இரவெல்லாம் விழித்திருப்பவரைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்வது நன்று.