சத்தம் ஏறுது, வேகம் ஏறலை

"எஞ்சின் போயிடுச்சு" என்று பாண்டூன் படகுக்காரர் யார் வந்து சொன்னாலும் முதலில் கேட்கவேண்டியது ஒன்றுதான்: த்ராட்டிலைத் தள்ளும்போது ஆர்பிஎம் ஏறுகிறதா, இறங்குகிறதா? ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கோளாறு தண்ணீருக்குள், புரொப்பெல்லர் பக்கம். இரண்டும் சேர்ந்து படுத்தால் பெட்ரோல், பிளக் அல்லது பாரம். இதைக் கேட்காமல் எஞ்சின் மூடியைத் திறப்பது காசுக்கும் கேடு, கோடைக்கும் கேடு. மின்னசோட்டா ஏரிகளில் படகு விடக் கிடைப்பதே வருஷத்தில் பாதிதான்.

*

இந்தப் படகு பிறந்ததும் இதே மாநிலத்தில். ரிச்மண்ட் என்ற சிற்றூரில் 1951இல் ஆம்ப்ரோஸ் வீரஸ் என்ற விவசாயி இரும்புப் பீப்பாய்களை வரிசையாக வெல்டிங் வைத்து, அவற்றின்மேல் மரத்தளம் போட்டார். பீப்பாய் இன்று அலுமினியக் குழாயாகிவிட்டது, அமைப்பு மாறவில்லை. இரண்டு குழாய், நடுவே இடைவெளி, அதன் பின்கோடியில் மோட்டார். பாண்டூனுக்கே உரிய தொல்லைகள் அங்கேதான் தொடங்குகின்றன. குழாய்கள் கிளப்பும் நுரையும் காற்றும் நடுவே சேர்ந்து நேராகப் புரொப்பெல்லருக்குப் போகும்.

வந்தவர்கள் எல்லாரும் வேடிக்கை பார்க்க முன்பக்கக் கம்பியருகே போய் நிற்பார்கள். பின்பக்கம் தூக்கும். புரொப்பெல்லர் மேலிருந்து காற்றை இழுத்துக்கொள்ளும். எஞ்சின் அலறும், படகு நகராது. நாலு பேரைப் பின்னால் உட்காரச் சொல்லி, மோட்டாரின் சாய்வை, அதாவது டிரிம்மை, கீழே இறக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். பாரம் சரியாக இருந்தும் ஒவ்வொரு வளைவிலும் அலறினால் மோட்டாரை உயரத்தில் மாட்டியிருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். புரொப்பெல்லருக்கு மேலே கிடைமட்டமாக ஒரு தட்டு இருக்கும். படகு ஓடும்போது அது நீர்மட்டத்தை ஒட்டியே இருக்கவேண்டும். ஒருவர் ஓட்ட, இன்னொருவர் பின்னாலிருந்து பார்த்துச் சொல்லவேண்டும். ஒரு போல்ட் துளை இறக்கினால் முக்கால் அங்குலம். அதுவே போதுமானதாக இருக்கலாம்.

ஆள் யாரும் ஏறாதபோதும் ஒரு பக்கம் தாழ்ந்தே மிதந்தால் அந்தக் குழாய்க்குள் தண்ணீர் புகுந்திருக்கிறது. மோட்டாரைத் திட்டிப் பயனில்லை.

*

மெதுவாகப் போனால் ஒழுங்காகப் போகிறது, த்ராட்டிலைத் தள்ளினால் வெறும் சத்தம் மட்டும். இதுதான் ரப்பர் புஷ் நழுவியதன் அடையாளம். பல புரொப்பெல்லர்களில் இறக்கைப் பகுதிக்கும் உள் குழலுக்கும் இடையே இந்த ரப்பர் இருக்கும். பாறையிலோ கட்டையிலோ அடிபட்டால் தான் நழுவி கியரைக் காப்பாற்றும். சோதிக்க மார்க்கர் பேனா போதும். உள் குழலிலிருந்து ரப்பரைக் கடந்து வெளி விளிம்புவரை நேராக ஒரு கோடு. ஒருமுறை ஓட்டிவிட்டுப் பார்த்தால், கோடு விலகியிருந்தால் புஷ் போய்விட்டது. நடு ஏரியில் தெரியவந்தால் பதற வேண்டாம். ஐடிலுக்குச் சற்று மேலே வைத்து மெல்லக் கரை சேரலாம்.

*

புரொப்பெல்லரில் கை வைக்குமுன்: சாவி வெளியே, எஞ்சினை அணைக்கும் கில் சுவிட்சின் கயிறு வெளியே, கியர் நியூட்ரல். இந்த மூன்றில் ஒன்றையும் விடக்கூடாது. குழந்தைகள் நீந்திவிட்டு ஏறும் ஏணியைப் பல பாண்டூன்களில் மோட்டாருக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த இடத்தைப் பார்த்தாலே நெஞ்சு பதறும். ஒரு பிள்ளை தண்ணீரில் இருந்தாலும் எஞ்சின் அணைந்திருக்க வேண்டும். நியூட்ரலில் ஓடிக்கொண்டிருப்பது போதாது. 26 அடிக்குக் குறைந்த படகில் வேகமாகப் போகும்போது ஓட்டுபவர் கில் சுவிட்சோடு இணைந்திருக்க வேண்டும் என்று 2021 ஏப்ரல் 1 முதல் அமெரிக்காவில் சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் மாட்டியே ஆகவேண்டும்.

*

இனி ஆர்பிஎம்மும் வேகமும் சேர்ந்து படுக்கும் ரகம். திணறும்போது பெட்ரோல் குழாயிலுள்ள ரப்பர் பல்பைப் பிடித்துப் பார்க்கவேண்டும். அமுக்கினதும் எஞ்சின் உயிர் பெற்றால் பம்ப் வலுவிழந்திருக்கிறது, அல்லது எங்கோ காற்று கசிகிறது. பல்பு சப்பிப்போய்க் கிடந்தால் அடைப்பு அதற்கும் டேங்குக்கும் நடுவே. டேங்க் மூடியைக் கொஞ்சம் தளர்த்திப் பார்த்தால், காற்றுத் துளை அடைத்ததா என்பது தெரிந்துவிடும்.

சாதாரணப் பெட்ரோலில் எத்தனால் இருக்கிறது. அது தண்ணீரை இழுக்கும், அளவு மீறினால் தண்ணீரோடு பிரிந்து டேங்க் அடியில் தங்கும். மின்னசோட்டாவில் படகுகளுக்கு எத்தனால் கலக்காத பெட்ரோல் வாங்கலாம். மாதக்கணக்கில் நிற்கும் படகுக்கு அந்தக் கூடுதல் காசு தகும்.

எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் ஓடுவதைக் காட்டப் பின்னால் பீச்சும் சன்னத் தாரை மெலிந்துவிட்டதா? முதலில் கம்பியால் துளையைக் குத்திப் பார்க்கலாம், பூச்சி கூடு கட்டியிருக்கும். அடுத்து, உறிஞ்சும் சல்லடையில் பாசி. மினடோங்கா ஏரியில் 1987இல் கண்டுபிடிக்கப்பட்ட யூரேசிய நீர்ப்பாசி இன்று பல ஏரிகளில் பாய் விரித்துக் கிடக்கிறது. ரிவர்ஸ் போட்டால் புரொப்பெல்லரில் சுற்றியது அவிழும். துளையும் சல்லடையும் சுத்தமாக இருந்தும் தாரை வராவிட்டால் தண்ணீர் பம்புக்குள் இருக்கும் இம்பெல்லர்தான்.

*

புரொப்பெல்லர் மாற்றுமுன் ஒரு கணக்கு. ஆர்பிஎம்மைப் பிட்ச்சால் (நழுவாமல் ஒரு சுற்றுக்கு புரொப்பெல்லர் முன்னேறும் அங்குலம்) பெருக்கி, கியர் விகிதத்தாலும் 1056ஆலும் வகுத்தால் மணிக்கு எத்தனை மைல் என்று வரும். 5500 ஆர்பிஎம், 13 அங்குலப் பிட்ச், விகிதம் 2.33 என்றால் விடை 29. ஜிபிஎஸ் 22 காட்டினால் நழுவல் சுமார் 24 சதவீதம். பாண்டூனுக்கு இது சாதாரணம். நாற்பதைத் தொட்டால் காற்று, புஷ், வளைந்த இறக்கை என்று தேடவேண்டும். நழுவல் சரியாக இருந்து, முழு த்ராட்டிலில் கம்பெனி சொன்ன ஆர்பிஎம்மை எட்டவில்லை என்றால்தான் பிட்ச்சைக் குறைக்கலாம். ஓர் அங்குலத்துக்கு ஏறக்குறைய 150 முதல் 200 ஆர்பிஎம் ஏறும். வழக்கமாக எத்தனை பேர் ஏறுவார்களோ அத்தனை பேரோடு ஓட்டித்தான் இதை அளக்கவேண்டும். ஒற்றை ஆளாக ஓட்டி எடுத்த எண்ணை நம்பி வாங்காதீர்கள்.

*

மீன்பிடி நரம்பு. புரொப்பெல்லருக்குப் பின்னால் தண்டில் சுற்றி ஆயில் சீலை அறுக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. அவ்வப்போது நட்டைக் கழற்றிப் பார்ப்பது ஒன்றே வழி. அக்டோபரில் கியர் ஆயிலை வடிக்கும்போது பால் நிறமாக வந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள். அப்படியே விட்டால் ஜனவரிக் குளிரில் உறைந்து கியர் கூடு வெடித்துவிடும். சீலை மாற்றிவிட்டு, கீழ்த்துளை வழியாகப் புது ஆயிலை ஏற்றி, மேல்துளையில் வழிந்ததும் மேல் திருகை முதலில் மூடவேண்டும், பிறகுதான் கீழ்த் திருகு.