கம்பு இருக்குது, காசு இல்லை

காங்கயம், 24 செப்டம்பர் 1931

விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கிழக்குத் தோட்டத்துக் கவுண்டர் ஆள் அனுப்பினார். புரோநோட்டு மாற்றி எழுத வேண்டும். ஊரில் இந்த வேலைக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். எழுத்து தெளிவாக இருக்கும், வெளியே பேசமாட்டேன் என்ற நம்பிக்கையும் உண்டு. நோட்டுக்கு மூன்று வருஷம்தான் ஆயுள். அதற்கு மேல் கோர்ட்டில் செல்லாது. கெடு முடியுமுன் வட்டியை அசலோடு சேர்த்துப் புது நோட்டு எழுதிவிட்டுப் பழையதைக் கிழித்துப் போடுவார்கள். அப்பன் வாங்கிய கடன் இப்படியே மகன் காலத்துக்கும் வந்து சேரும். அதை ஒருவரும் குறைவாக நினைத்ததில்லை. கொடுத்தவரும் வாங்கியவரும் சம்பந்தம் பண்ணிக்கொண்ட குடும்பங்கள், ஒரே பந்தியில் சாப்பிடுகிறவர்கள்.

இன்று கடன் கொடுத்த பெரியவர் புது நோட்டு வேண்டாம் என்றார்.

"பணமாக் குடுத்துருங்க மாப்ளே."

"இந்த வெலைக்குப் பருத்திய வித்தா வட்டிக்கே பத்தாதுங்க மாமா. தானியமா எடுத்துக்குங்க. குதிரு நெறையக் கம்பு கெடக்குது."

"கம்ப வெச்சுட்டு நா என்ன பண்றது? என்ற ஊட்லயும் அதுதான் கெடக்குது."

குரல் உயரவில்லை. கவுண்டர் சம்சாரம் மோர் கொண்டுவந்து வைத்தார். பெரியவர் அதைத் தொடவில்லை. நான் மைக்கூட்டைத் திறக்காமலே திரும்பினேன்.

பருத்தி விலை இரண்டு வருஷமாக இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. அதற்கு எல்லோரும் பழகிவிட்டார்கள். சொந்தக்காரர் வீட்டு மோரைத் தொடாமல் எழுந்து போவதை இந்த ஊரில் நான் பார்த்ததில்லை. எழுதி வைக்காவிட்டால் முன்பும் இப்படித்தான் இருந்தது என்று கொஞ்ச நாளில் நானே நம்பிவிடுவேன். அதற்காகத்தான் இந்த நோட்டுப் புத்தகம்.

27 செப்டம்பர்

சுதேசமித்திரன் இன்றுதான் கைக்கு வந்தது. 21-ஆம் தேதி இங்கிலாந்து தங்கத்தைக் கைவிட்டுவிட்டது. பவுன் நோட்டைக் கொடுத்துத் தங்கம் கேட்டால் இனிக் கிடைக்காது. நம் ரூபாயை அந்தப் பவுனோடே 18 பென்ஸ் கணக்கில் கட்டி வைத்திருக்கிறார்கள். சாவடியில் வாசித்துக் காட்டினேன். மழை வருமென்று ஏதாவது போட்டிருக்கிறதா என்று ஒருவர் கேட்டார். தங்க ஆசாரி மட்டும் இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார்.

18 அக்டோபர்

ஆசாரி ஏன் மறுபடி வாசிக்கச் சொன்னார் என்பது இப்போது விளங்குகிறது. பருத்தி, கடலை, புகையிலை, நெய், மாடு எல்லாம் விழுந்து கிடக்கின்றன. தங்கம் ஒன்றுதான் ஏறுகிறது. சந்தையில் புளியமரத்தடியில் வெளியூர் ஆட்கள் தராசோடு உட்கார்ந்திருக்கிறார்கள். பெண்கள் யாரும் அந்தப் பக்கம் வருவதில்லை. ஆண்கள்தான் கொப்பையும் தோட்டையும் மடியில் முடிந்துகொண்டு வருகிறார்கள். வாங்கியதெல்லாம் பம்பாய் போய்க் கப்பல் ஏறுகிறதாம்.

ஆடிக்குப் பிறகு ஆசாரி ஒரு நகையும் புதிதாகச் செய்யவில்லை. உருக்குகிற வேலைதான். மேற்குத் தோட்டத்துக் கல்யாணத்துக்கு அவரே செய்த அட்டிகை இன்று அவர் கைக்கே வந்தது. "இந்தப் பூவு படியலீன்னு மூணு நா ஒக்காந்தனுங் வாத்தியாரே," என்று சொல்லிக்கொண்டே அதை மூசையில் போட்டார். ஊதுகுழலை எடுத்த பிறகு பேசவில்லை. நானும் போகாமல் உருகும்வரை உட்கார்ந்திருந்தேன்.

இதில் எனக்குப் புரியாதது ஒன்று இருக்கிறது. தாது வருஷப் பஞ்சத்தை என் அப்பா பக்கத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். மழை இல்லை, தானியம் இல்லை, சனங்கள் செத்தார்கள். அதற்குக் காரணம் கண்ணுக்குத் தெரிந்தது. இப்போது கம்பும் சோளமும் குதிரில் இருக்கிறது. கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. கொறங்காட்டில் ஆட்டுக்குப் புல் இருக்கிறது. காணாமல் போனது ரூபாய் மட்டும்தான். யார் எடுத்துக்கொண்டு போனார்கள்?

2 டிசம்பர்

மாதச் சம்பளம் 22 ரூபாயில் 6 ரூபாய் மிஞ்சியதாக வீட்டில் கணக்குச் சொன்னாள். போன வருஷம் இதே 22 ரூபாய் இருபதாம் தேதியைத் தாண்டாது.

20 டிசம்பர்

அரையணாக் கார்டு முக்காலணா ஆகிவிட்டது. வால்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் மகனுக்கு மாதம் ஒரு கார்டு எழுதச் சொல்லி வரும் கோயில் வீதி ஆத்தா, இந்த மாதம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

13 ஜனவரி 1932

திருப்பூரில் ஞாயிற்றுக்கிழமை கொடி ஊர்வலத்தைப் போலீசார் அடித்துக் கலைத்ததில் குமாரசாமி என்ற பையன் மறுநாள் இறந்துவிட்டான். விழும்போதும் கொடியை விடவில்லையாம். சென்னிமலைக்காரன். என் ஊர், என்னைப் போல் தறி வீட்டுப் பிள்ளை. வயது 27.

நான் போர்டுச் சம்பளம் வாங்குகிறவன். வகுப்பில் இதைப் பற்றிப் பேசவில்லை. கொடியில் எத்தனை நிறம் என்று மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான். சொன்னேன். என்னென்ன நிறம் என்று கேட்டான். அதையும் சொன்னேன்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகவில்லை.

9 மார்ச்

கிஸ்தி வசூல். மணியகாரர் தினமும் தெருவில் நடக்கிறார். அவரைக் கண்டால் ஆண்கள் காட்டுப் பக்கம் போய்விடுகிறார்கள். பருத்தி என்ன விலை விற்றாலும் ஏக்கருக்கு இத்தனை ரூபாய் என்று செட்டில்மெண்டில் எழுதினது எழுதினதுதான். முன்பு ஒரு பொதி விற்றுக் கட்டியதற்கு இப்போது இரண்டு பொதி வேண்டியிருக்கிறது. சர்க்கார் ஒரு காசும் கூட்டவில்லை, ஆனால் வரி இரட்டிப்பாகிவிட்டது. இதைச் சாவடியில் கரும்பலகை இல்லாமலே விளக்கினேன். எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்திருந்தது.

ஏப்ரல் கடைசி, தேதி நினைவில்லை

கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குக் கிழக்குத் தோட்டத்துக் கவுண்டரோடு போய்வந்தேன். ரசீது எழுத ஆள் வேண்டும் என்றார். துணைக்கு ஆள் வேண்டும் என்பதுதான் விஷயம் என்று வழியில் தெரிந்தது.

விற்கப் போனது கவலை மாட்டு ஜோடி. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த காங்கயம் காளைகள். கவலையில் பழகிய மாட்டின் அருமை தெரியாதவர்களுக்கு இதை எப்படிச் சொல்வது? சரிவில் இறங்கி இழுத்தால் கிணற்றிலிருந்து பறி மேலே வரும். தண்ணீர் வாய்க்காலில் கொட்டினதும் மாடுகள் திரும்பாமல் பின்னுக்கே நடந்து மேடேற வேண்டும். முன்னுக்கு நடக்க எந்த மாடும் நடக்கும். பின்னுக்கு நடக்கப் பழக்குவதற்குத்தான் காலம் பிடிக்கும். இந்த ஜோடிக்குக் குரல் கொடுக்கக்கூட வேண்டியதில்லை, வடம் தளர்ந்ததும் தாமாகவே பின்வாங்கும். அதை ஓட்டுகிற மாதாரி அப்போது பாடிக்கொண்டிருப்பார். பாட்டின் அளவும் பறியின் அளவும் ஒன்றாகவே இருக்கும்.

சந்தையில் மாடு இருந்தது, ஆள் இருந்தது, வாங்குகிறவர் இல்லை. தெற்குச் சீமைக்காரர்கள் பாதிப் பேர்கூட வரவில்லை. தரகர் துண்டுக்குள் கையைவிட்டு விரலைப் பிடித்ததும் கவுண்டர் கையை உருவிக்கொண்டார். மத்தியானம் வரை நின்றோம். பிறகு அதே தரகரிடம் அவரே போனார். ஒற்றை மாட்டுக்குக் கிடைத்திருக்க வேண்டிய பணத்துக்கு ஜோடி போயிற்று. பழைய கயிற்றைக் கொடுக்கக் கூடாதென்பது வழக்கம், அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

வெள்ளகோயிலில் சோடாக் குடிக்கும்போது, கிஸ்திக்கு இன்னும் 15 ரூபாய் குறைகிறது என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, சோடாப் பாட்டிலைப் பார்த்துச் சொன்னார். என்னிடம் இருந்தது. கொடுத்தேன். வீட்டுக்கு வந்ததும் நோட்டு எழுதிக்கொள்ளச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தவர் அவர்தான். இத்தனை வருஷம் எழுதியிருக்கிறேன், கொடுத்தவர் பெயர் வருகிற இடத்தில் என் பெயரை எழுதியது இதுதான் முதல் தடவை.

ஜூலை

என் பெயரில் எழுதிய நோட்டுகள்: மேற்குத் தோட்டத்தார் 20. வண்டிக்காரர் 5. மேற்குத் தோட்டத்தார் மறுபடி 10.

28 செப்டம்பர் 1932

எரவாடா சிறையில் 26-ஆம் தேதி காந்தி உண்ணாவிரதத்தை முடித்தார். ஒரு வாரமாக இதைத் தவிர வேறு நினைவில்லை. பேப்பர் வராத நாளில் தபாலாபீசு வாசலிலேயே நின்றேன்.

நம் பள்ளிக்கூடத்தில் மாதாரி வளவுப் பையன் ஒருவன் இருக்கிறான். கிழக்குத் தோட்டத்தில் கவலை ஓட்டினவரின் மகன். இரண்டு வருஷமாகத் திண்ணையில் உட்கார்ந்து, சன்னல் வழியாகக் கரும்பலகையைப் பார்த்துத்தான் படிக்கிறான். வாய்ப்பாட்டில் வகுப்பிலேயே முதல். திங்கட்கிழமை அவனை உள்ளே கூப்பிட்டு முன்வரிசையில் உட்காரவைத்தேன். வாசற்படி வரை வந்து நின்றுவிட்டான். கையைப் பிடித்து அழைத்துவந்தேன்.

ஊர்க்கூட்டம் போடுவார்கள், பிள்ளைகளை நிறுத்திவிடுவார்கள், போர்டுக்கு மனு போகும் என்று எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு வருஷம் முன்பு இவன் திண்ணையில் உட்காருவதற்கே சத்தம் போட்ட மேற்குத் தோட்டத்தார் இன்று வழியில் எதிரே வந்தார். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, "நல்லாருக்கீங்ளா வாத்தியாருங்க," என்று கேட்டுவிட்டுப் போனார்.

காந்தியின் தவத்துக்கு இத்தனை சக்தி உண்டு என்று வீட்டில் சொன்னேன். அவள் பதில் பேசாமல் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

16 நவம்பர்

முந்தாநாள் பையனின் அப்பா வந்தார். வாசலுக்கு வெளியே நின்றே பேசினார். மாடு போனதும் கவலை நின்றது. கவலை நின்றதும் பறி தைக்கவும் வடம் பார்க்கவும் ஆள் வேண்டியதில்லை. வருஷக் கூலியாக வள்ளக் கணக்கில் அளந்த கம்பும் நின்றுவிட்டது. மேட்டூரில் அணை கட்டுகிறார்கள், குடும்பத்தோடு போகிறோம் என்றார். "அங்க கூலி காசாக் குடுக்கறாங்களாமா."

பையன் படிப்பைக் கெடுக்க வேண்டாம், இந்தப் பஞ்சம் ஒரு வருஷத்தில் தீர்ந்துவிடும் என்றேன்.

"பஞ்சம் பஞ்சம்னு எல்லாருஞ் சொல்றீங்க சாமி. எங்களுக்கு எந்த வருசத்துல காசு இருந்துச்சு?"

கோபமாகச் சொல்லவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிறவர் போலத்தான் கேட்டார். பையனிடம் என்னிடமிருந்த சிலேட்டைக் கொடுத்தேன்.

முன்வரிசையில் அந்த இடத்தில் இன்னும் யாரும் உட்காரவில்லை. அதைப் பற்றி இரண்டு நாளாக யோசிக்கிறேன்.

5 பிப்ரவரி 1933

போர்டு ஆபீசு வேலையாகக் கோயமுத்தூர். பைக்காரா மின்சாரம் வந்துவிட்டது. பீளமேட்டுப் பக்கம் மில் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. எங்கள் ஊரில் கேட்பாரற்றுப் போன பருத்தி இங்கே பேல் பேலாக வந்து இறங்குகிறது. விலை விழுந்த பருத்தி மில்லுக்கு லாபம். ஒரே பஞ்சு, அங்கே அழுகிறார்கள், இங்கே கல்யாண வீட்டுக் களை.

ரயிலடியில் பெரியவரைப் பார்த்தேன், மோரைத் தொடாமல் எழுந்து போனவர். வெளியே நின்ற கடனில் வசூலானதையெல்லாம் மில் பங்கில் போட்டிருக்கிறார். பங்குப் பத்திரத்தை எடுத்துக் காட்டினார், அச்சு அழகாக இருந்தது.

"கடன் குடுத்தா மாப்ளே மச்சான்னு மொகத்தப் பாக்கோணும். பங்குக்கு மொகமில்லீங்க வாத்தியாரே."

மில் வாசலில் வேலைக்கு நின்ற கூட்டத்தில் கிழக்குத் தோட்டத்துக் கவுண்டர் மகன் இருந்தான். என்னைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். எங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தவன்.

12 மார்ச்

போன வாரம் ஒரு நாள் கிழக்குத் தோட்டத்துக் கவுண்டர் காலையிலேயே வந்தார். தோட்டத்தில் வடக்கு ஓரமாக ஒன்றரை ஏக்கர், கிணற்றில் நாலில் ஒரு பங்கு. என் நோட்டுகளைக் கழித்துக்கொண்டு மீதியைக் கையில் கொடுத்தால் போதும் என்கிறார். மீதி பெரிய தொகை இல்லை. வெளியே இதைவிடக் கூடக் கிடைக்கும் என்று சொன்னேன். "கெடைக்கிலீங்க. கேட்டுப் பாத்துட்டனுங்க. முன்னப் பின்னத் தெரியாதவனுக்குப் போறதுக்கு நீங்களே எடுத்துக்குங்க."

வீட்டில் ஒரே வார்த்தையாக, "எடுத்துக்கலாமுங்க," என்றாள். அப்பாவுக்கு எழுதினேன். இரண்டாம் நாளே சென்னிமலையிலிருந்து பதில் வந்துவிட்டது. நம் வம்சத்தில் யாருக்கும் ஒரு சாண் மண் இருந்ததில்லை, தறிக்குழி வெட்டியதுகூட அடுத்தவன் இடத்தில்தான் என்று எழுதியிருக்கிறார். கடிதத்தின் மூலையில் மஞ்சள் தடவியிருக்கிறது.

10 ஏப்ரல்

ரிஜிஸ்தர் முடிந்தது. போக்கியம் அல்ல, கிரயம்.

3 மே 1938

ஐந்து வருஷம் இந்த நோட்டுப் புத்தகம் பரணில் கிடந்தது. பூச்சி அரித்த இடம் போக மீதி வாசிக்க முடிகிறது. இன்று எடுக்கக் காரணம் உண்டு.

ராஜாஜி மந்திரிசபை கொண்டுவந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் மார்ச்சில் அமலுக்கு வந்துவிட்டது. 1932 அக்டோபர் 1-ஆம் தேதிக்கு முந்தின கடனானால், போன அக்டோபர் 1 வரை நின்ற வட்டி முழுதும் தள்ளுபடி, அசல் மட்டும் கொடுத்தால் போதும். அசலைப் போல் இரண்டு பங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. அந்தத் தேதிக்குப் பிந்தினதானால் குறைந்த வட்டி. சாவடியில் தினமும் யாராவது வாசிக்கச் சொல்கிறார்கள். மில் பங்கு வாங்கிக்கொண்ட பெரியவரை இந்தச் சட்டம் தொடாது, அவர் எல்லாவற்றையும் முன்பே வசூலித்துவிட்டார்.

சாயங்காலம் கிழக்குத் தோட்டத்துக் கவுண்டர் மகன் வந்தான். மாரியம்மன் நோம்பிக்காக லீவில் வந்திருக்கிறான். கை விரல்களில் பஞ்சு வேலைக்காரர்களுக்கு வருகிற காய்ப்பு. உட்காரச் சொன்னேன், நின்றுகொண்டே பேசினான்.

"சட்டம் வந்துருக்குதாமுங்களே வாத்தியாருங்க. அப்பன் கேட்டுட்டு வரச் சொன்னாருங்க. அந்த வடக்கோரத்துக்கு நம்முளுக்கு எதாச்சும் வழியிருக்குதுங்களா?"

அவன் அப்பாவின் நோட்டுகளில் கண்ணபுரத்து 15 ரூபாய் உட்பட நான்கு அந்தத் தேதிக்கு முந்தினவை. ஆனால் எல்லாம் கிரயத்தில் கழிந்து போனவை. இருக்கிற கடனைத்தான் சட்டம் குறைக்கிறது. 1933-லேயே எழுதிப் பதிவான நிலத்தை அது திருப்பித் தராது.

படித்துப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். இரண்டு தடவை படித்துவிட்டேன். வெள்ளிக்கிழமை வேலைக்குத் திரும்புகிறானாம், அதற்கு முன் ஒரு நடை வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான்.