ராயபுரத்து யவனர்கள்

கிரேக்க வைத்தியம் பார்த்துக்கொள்ள ஏதென்ஸுக்கு விமானம் ஏற வேண்டாம். சென்னை பீச் ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி வண்டியைப் பிடித்தால் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிடலாம். ராயபுரம் மாதா சர்ச் தெருப் பக்கம் மத்திய அரசின் மண்டல யுனானி மருத்துவ ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. காலையில் போனால் சீட்டு வாங்க நிற்கும் வரிசையைப் பார்க்கலாம். பர்தா அணிந்த பெண்கள், துறைமுகத்தில் மூட்டை தூக்கித் தோள் இறங்கிய பெரியவர்கள், விடியற்காலை ஏலம் முடிந்து கூடையை எங்கோ ஒப்படைத்துவிட்டு வந்த மீன்காரம்மாக்கள்.

"இது எந்த ஊர் வைத்தியம் ஆயா?" என்று ஒருவரிடம் கேட்டேன்.

"பாய் வைத்தியம்ப்பா. லேகியம் குடுப்பாங்க. முட்டிக்கு நல்லா கேக்குது."

ஆயா சொன்னது பாதிக் கதை, ஆனால் சரியான பாதி. மறுபாதி கிரேக்கத்தில் தொடங்குகிறது. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஈஜியன் கடலின் கோஸ் தீவில் பிறந்தவர் ஹிப்போகிரட்டீஸ். இரத்தம், கபம், மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்ற நான்கு நீர்களின் சமநிலையே உடல்நலம் என்ற கொள்கை அவர் வழிவந்தவர்களுடையது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் பெர்காமோன் நகரத்துக் கேலன் அதை விரித்து எழுதினார். 9ஆம் நூற்றாண்டு பாக்தாதில் ஹுனைன் இப்னு இஷாக் என்ற கிறிஸ்தவ மருத்துவர் கேலனின் நூல்களைச் சிரியாக்குக்கும் அரபிக்கும் பெயர்த்தார். 11ஆம் நூற்றாண்டில் இப்னு சீனா அதையெல்லாம் ஒழுங்குபடுத்தி ஒரு பெருநூலாக்கினார். அந்த வைத்தியம்தான் பாரசீகம் வழியாக டெல்லி வந்து, ஹக்கீம்களின் கையில் வளர்ந்து, தெற்கே இறங்கி, கடைசியில் ராயபுரத்து ஆயாவின் முட்டிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஏதென்ஸ் மருத்துவமனைகளில் இன்று யாரும் நான்கு நீர்களைக் கணக்கிட்டு மருந்து எழுதுவதில்லை. இங்கே அரசுச் சம்பளத்தில் ஹக்கீம் நாடி பிடிக்கிறார்.

கிரேக்கர்களின் செல்வாக்கு என்றதும் பளிங்குத் தூண்களும் பிளேட்டோவும் அலெக்சாந்தரும் நினைவுக்கு வருகிறார்கள். கடலோரத்தில் வாழும் நமக்கு அவர்கள் வேறு வழியில் வந்தார்கள். ஒன்று சரக்காக வந்தார்கள், அல்லது சரக்கு ஏற்ற வந்தார்கள். அந்த இரண்டு வழியையும் வட சென்னைக் கரையோரம் நடந்தும் ரயிலேறியும் பார்த்துவிட வேண்டும் என்றுதான் கிளம்பினேன்.

ராயபுரம் ரயில் நிலையம் 1856இல் திறக்கப்பட்டது. தென்னிந்தியாவின் முதல் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. நிலையத்தின் உயர்ந்த தூண்களே ஐரோப்பியர்கள் கிரேக்கக் கோயில்களைப் பார்த்துப் பழகிய கட்டட ரசனையின் தூரத்து உறவு. சற்றுத் தள்ளி இராயப்பர் கோயில். மீன்பிடி காலம் நன்றாக இருக்க வேண்டும் என்று நேர்ந்துகொள்ளும் குடும்பங்கள் இன்னும் வருகின்றன. கலிலேயாக் கடலில் வலை வீசிய மீனவரான அந்த இராயப்பரின் கதை எழுத்தில் முதலில் ஏறியது கிரேக்க மொழியில். அன்றைக்கு அலெக்சாந்திரியாவிலிருந்து அந்தியோக்கியா வரை கடைவீதியிலும் துறைமுகத்திலும் எல்லோருக்கும் பொதுவாக இருந்த பேச்சு அதுதான். ஒரு மதம் உலகம் சுற்ற அந்த மொழி போதுமானதாக இருந்தது.

காசிமேட்டில் ஏலச் சத்தம் அடங்கி, ஐஸ் உடைக்கும் இயந்திரங்கள் மட்டும் கத்திக்கொண்டிருந்தன. விசைப்படகுகள் தோளோடு தோள் உரசி நின்றன. கரையில் ஃபைபர் படகுகள். கட்டுமரத்தைக் கண்ணால் பார்ப்பது இப்போது அரிது. கி.பி. முதல் நூற்றாண்டின் நடுவில், எகிப்தில் வாழ்ந்த கிரேக்க மொழி பேசும் வணிகர் ஒருவர் எழுதிய 'எரித்திரியக் கடல் பெரிப்ளஸ்' என்ற கடல்வழிக் குறிப்பேடு இந்தக் கிழக்குக் கரையைப் பற்றிப் பேசுகிறது. பெரிய மரங்களைச் சேர்த்துக் கட்டிய கலங்கள் கரையோரம் ஓடுவதை அது குறித்து வைத்திருக்கிறது. கமரா, பொதுகே, சோபட்மா என்று மூன்று துறைகளையும் சொல்கிறது. பொதுகே புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேடு என்பதும், சோபட்மா மரக்காணம் என்பதும் ஆய்வாளர்கள் பலரின் கருத்து. அடுத்த நூற்றாண்டில் புவியியலாளர் தாலமி தந்த பட்டியலில் வரும் ஓர் ஊரை மயிலாப்பூர் என்று கொள்கிறவர்களும் உண்டு. 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டைத் தோண்டியபோது மத்தியதரைக் கடல் நாடுகளின் மதுச்சாடிகளும் இத்தாலியச் செம்மண் பாத்திரங்களும் கிடைத்தன.

அவர்கள் நம்மைப் பற்றி எழுதியது போலவே நம்மவர்களும் அவர்களைப் பற்றி எழுதினார்கள். யவனர் என்ற பெயரில் முதலில் கிரேக்கர், பிறகு ரோமானியப் பேரரசிலிருந்து வந்த எல்லோரும், பின்னாளில் அரபியரும்கூட அடங்கினர். சங்கப் பாடல்களில் வரும் யவனர்களைக் கவனித்தால் ஒன்று தெரியும். பொன்னோடு வந்து மிளகோடு திரும்பும் கப்பல்காரர்களாக அகநானூற்றில் வருகிறார்கள். வேலைப்பாடு மிக்க விளக்குகளைச் செய்தவர்களாக நெடுநல்வாடையில். மன்னனின் பாசறையில் சட்டை அணிந்த காவலர்களாக முல்லைப்பாட்டில். இமயவரம்பன் நெடுஞ்சேரலாதனிடம் சிறைப்பட்டு அவமானப்பட்டவர்களாகப் பதிற்றுப்பத்தின் பதிகத்தில். தத்துவ ஞானி ஒருவரும் இல்லை. நம் புலவர்கள் துறைமுகத்தில் நின்று பார்த்தார்கள். கண்ணில் பட்டவர்கள் வேலைக்கு வந்தவர்களும் வியாபாரத்துக்கு வந்தவர்களும்தான்.

அந்த வியாபாரத்தின் எழுத்துச் சான்று ஒன்று வியன்னாவில் இருக்கிறது. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பாப்பிரஸ் தாள் அது. ஒரு பக்கம், முசிறித் துறைமுக வணிகத்துக்கான கடன் ஒப்பந்தம். மறுபக்கம், ஹெர்மபோலோன் என்ற கப்பலில் வந்திறங்கிய சரக்கின் மதிப்பீடு. கங்கைக்கரை நறுமணத் தைலப்பொருள் 60 பெட்டிகள், யானைத் தந்தம். கடன் திரும்பாவிட்டால் சரக்கு யாருக்கு என்பதுவரை எழுதி வைத்திருக்கிறார்கள். போக்குவரத்து ஒருவழிப் பாதையாகவும் இல்லை. செங்கடல் கரையில் குசேர் அல்-கதீமிலும் பெரெனிகேயிலும் தமிழி எழுத்தில் பெயர் பொறித்த பானை ஓடுகள் கிடைத்துள்ளன. கணன், சாதன், கொற்றபூமான் என்ற நம்மூர்ப் பெயர்கள் எகிப்து மணலுக்கடியில் கிடந்திருக்கின்றன.

காசிமேட்டிலிருந்து திரும்பும் வழியில் துறைமுக மதில் நீண்டுகொண்டே போகிறது. மதிலுக்கு அப்பால் தெற்கே புனித ஜார்ஜ் கோட்டை. அங்கேயும் ஒரு கிரேக்கர் தலைவலி கொடுத்தார். கெஃபலோனியா தீவில் பிறந்த கான்ஸ்டன்டைன் ஃபால்கன், சிறுவயதில் ஆங்கிலேயக் கப்பலில் ஏறி, கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்து, கடைசியில் சயாம் மன்னர் நாராயின் வலது கையானவர். கம்பெனி அதிகாரி எலிஹு யேல் கோட்டையில் இருந்த காலத்தில், மன்னருக்காக மதராஸிலிருந்து போன நகைகளுக்கு விலை அதிகம் என்று சொல்லி ஃபால்கன் சண்டை பிடித்தார். 1687இல் மதராஸிலிருந்து கம்பெனிக் கப்பல் சயாமின் மெர்குயி துறைமுகத்துக்கு மிரட்டப் போனது. மறு ஆண்டு அரண்மனைப் புரட்சியில் ஃபால்கனின் தலை போனது. யேலின் பெயர் ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் நிலைத்தது.

இந்தத் துறைமுகத்தின் மிகப் பிரபலமான இரவு 1914 செப்டம்பர் 22. ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் வந்து பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திவிட்டுப் போன கதை சென்னைக்காரர்களுக்கு மனப்பாடம். அதற்குப் பன்னிரண்டு நாள் முன்பு எம்டன் வங்கக் கடலில் முதலில் மடக்கியது பொந்தோபோரோஸ் என்ற கிரேக்கக் கப்பலை. கிரீஸ் அப்போது போரில் சேராத நாடு. ஆனால் கப்பலில் இருந்தது ஆங்கிலேயருக்கான நிலக்கரி. எம்டனின் தளபதி ஃபோன் முல்லர் அதை மூழ்கடிக்கவில்லை. பேசிச் சரிக்கட்டி, ஜெர்மானியருக்குக் கரி சுமக்கும் வேலையில் சேர்த்துக்கொண்டார். அக்டோபரில் ஆங்கிலேயக் கப்பல் யார்மத் அதை மீட்டது. ஏறத்தாழ ஒரு மாதத்தில் இரண்டு பகைவர்களுக்கும் அதே கப்பல் கரி சுமந்திருக்கிறது. எம்டன் நம் பேச்சிலேயே தங்கிவிட்டது. பொந்தோபோரோஸை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை.

ஆனால் கிரேக்கர்களின் பிழைப்பு அந்த மறக்கப்பட்ட கப்பலில்தான் தெரிகிறது. 1822இல் சியோஸ் தீவில் ஒட்டோமான் படைகள் நடத்திய படுகொலைக்குப் பின் அத்தீவின் வணிகக் குடும்பங்கள் பல துறைமுகங்களுக்குச் சிதறின. சியோஸ் பூர்வீகமான ராலி சகோதரர்கள் லண்டனில் கடை விரித்து, 1851இல் கல்கத்தாவுக்கும் பிறகு பம்பாய்க்கும் வந்தார்கள். சணலும் பருத்தியும் வாங்கி விற்றார்கள். இன்று உரக்கடை அலமாரியில் ராலிஸ் பூச்சிமருந்து டப்பாவைக் கேட்டு வாங்கும் நம் விவசாயிக்கு அது டாடா குழுமக் கம்பெனி. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்கா விற்ற லிபர்ட்டி கப்பல்களில் 100ஐக் கிரேக்க முதலாளிகள் தங்கள் அரசின் உத்தரவாதத்தில் வாங்கினார்கள். இன்று உலக வணிகக் கப்பல்களின் சுமைத்திறனில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு, ஒரு கோடிச் சொச்சம் பேர் வாழும் அந்தச் சிறு நாட்டின் முதலாளிகள் கையில்.

திருவொற்றியூரில் ஒரு டீக்கடையில் ஓய்வுபெற்ற கப்பல் போசன் ஒருவரோடு பேச்சுக் கொடுத்தேன். கிரேக்க முதலாளிகளின் மொத்தச் சரக்குக் கப்பல்களில் பல கான்ட்ராக்ட் ஓட்டியவர்.

"அவுங்க எப்படிண்ணே?"

"கணக்குல கெட்டி சார். கயிறு ஒரு முழம் வீணாப்போனா கேப்டன் கேப்பான். கப்பலு அவனுது, கொடி லைபீரியாவுது, ஆளுங்க பிலிப்பைன்ஸ்காரனும் நம்மாளும், கரி இந்தோனேசியாவுது. அவன் பிரேயஸ்ல குந்திக்கினு போன்ல ஓட்டுவான்."

"கிரீஸ் போயிருக்கீங்களா?"

"எங்க சார்! சைன் ஆஃப் பண்ணது பூரா வேற வேற போர்ட்டு. கிரீஸ்காரன் கப்பல்ல இருந்துட்டு கிரீஸ் பாக்காதவன் நெறைய பேரு."

டீக்கடையிலிருந்து கடலோரமாகப் போனால் பட்டினத்தார் சமாதி. காவிரிப்பூம்பட்டினத்துப் பெருவணிகர், வளர்ப்பு மகன் விட்டுச்சென்ற காதறுந்த ஊசியைப் பார்த்துக் கடலும் கப்பலும் வேண்டாமென்று கிளம்பி, இங்கே வந்து அடங்கினார் என்பது வழிவழியாகச் சொல்லும் கதை. அவர் ஊரான புகாரில்தான் யவனர்கள் வீடு கட்டி வாழ்ந்ததாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. கடல் வணிகத்தின் பளபளப்பைப் பாடிய மரபு நமக்கு உண்டு. கணக்கை முடித்துவிட்டு எழுந்துபோன வணிகரைக் கும்பிடும் மரபும் உண்டு. சமாதிக்கு எதிரே கடல் அரிக்காமலிருக்கப் பாறை கொட்டியிருக்கிறார்கள். சாலையில் கன்டெய்னர் லாரிகளின் வரிசை நின்றது. ஓட்டுநர் ஒருவர் லாரிக்கடியில் நிழல் தேடிச் சோறு கிளறிக்கொண்டிருந்தார்.

எண்ணூர் ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோவில் முகத்துவாரத்துக்குப் போனேன். வடக்கே காமராஜர் துறைமுகம். 2001இல் எண்ணூர் துறைமுகம் என்ற பெயரில், முக்கியமாக அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி இறக்கத் தொடங்கப்பட்டது. நங்கூரமிட்ட கப்பல்கள் அடிவானத்தில் தெரிந்தன. கப்பல்களைக் காட்டும் செயலியைக் கைபேசியில் திறந்தேன். மொன்ரோவியா, மஜுரோ, வல்லெட்டா என்று பதிவுத் துறைமுகங்கள் வந்தன. கப்பலின் பின்புறத்தில் எழுதியிருக்கும் ஊருக்கு அந்தக் கப்பல் ஒருமுறைகூடப் போயிருக்க வேண்டியதில்லை. முதலாளியின் ஊர் பெரும்பாலும் பின்புறத்தில் எழுதப்படுவதில்லை. புலவர்கள் துறையில் நின்று அடையாளம் கண்ட யவனரை இன்று கரையில் நின்று யாரும் அடையாளம் காண முடியாது.

கொசஸ்தலை ஆற்றின் கழியில் சாம்பல் படிந்து ஆழம் குறைந்துவிட்டது என்று வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர் சொன்னார். இறால் போச்சு என்றார். அவருக்குக் கப்பல்காரன் கிரேக்கனா ஜப்பானியனா என்பது ஒரு பொருட்டே இல்லை. நியாயம்தான். சுமப்பவன் சரக்கை இறக்கிவிட்டுக் கூலியோடு போய்விடுவான். இறங்கிய சரக்கோடு குடித்தனம் நடத்துவது கரை.

மூவாயிரம் ஆண்டுகளாகக் கிரேக்கர்களைத் தாங்கியது நிலம் குறைவு, கடல் அதிகம் என்ற அவர்களின் நிலைமைதான். ஓர் இடத்தில் வியாபாரம் படுத்தால் பாயை மாற்றிக் கட்டி அடுத்த துறைக்குப் போகும் பயிற்சி அவர்களுக்கு உண்டு. துறைக்கு அந்த வசதி கிடையாது. முசிறி சரியாக எங்கே இருந்தது என்று நாம் இன்றும் மண்ணைத் தோண்டி வாதாடிக்கொண்டிருக்கிறோம். அதற்குக் கொடுத்த கடனின் பத்திரம் வியன்னாவில் பத்திரமாக இருக்கிறது. யவனர்களைப் பற்றி நம் பள்ளிப் புத்தகங்கள் மிளகும் பொன்னும் என்று இரண்டு வரியில் முடித்துவிடுகின்றன. எண்ணூரிலும் காசிமேட்டிலும் படிக்கும் பிள்ளைகளுக்காவது மூன்றாவது வரி ஒன்று வேண்டும். கப்பல் போன பிறகு கரையில் என்ன மிஞ்சியது என்ற கணக்கு அதில் இருக்க வேண்டும். அதை எழுதத் தேவையான சான்றுகள் வகுப்பறையிலிருந்து நடக்கும் தூரத்தில்தான் கிடக்கின்றன.